விதியும் உரையும்: 'ரோபோ நகரம்' தொடரைப் பற்றிய வாசகர் தீர்ப்புகள்

ஆறாம் வேற்றுமைக்குரிய கிழமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுப்பது தமிழிலக்கண மரபு. சாத்தனது கை என்பதில் கை சாத்தனை விட்டுப் பிரிவதில்லை. சாத்தனது வீடு என்பதில் வீடு நாளை இன்னொருவருடையதாகலாம். உருபு ஒன்றே, உறவு வேறு. 1987ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ஏஸ் நிறுவனம் வெளியிடத் தொடங்கிய 'ஐசக் அசிமோவின் ரோபோ நகரம்' என்னும் ஆங்கிலத் தொடரின் வாசகர்கள் இன்றளவும் வழக்காடி வருவது, நுணுகிப் பார்த்தால், அத்தலைப்பிலுள்ள வேற்றுமையுருபைப் பற்றியே எனலாம். அட்டையில் அசிமோவின் பெயரைக் கண்டு வாங்கியவர் அதனைத் தற்கிழமை எனக் கொண்டார். உள்ளே எழுதியிருந்தவர்களோ வேறு ஐவர்.

தொடரின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறிவிடுதல் வேண்டும். பைரன் பிரைஸ் என்னும் நூல் தயாரிப்பாளர் திட்டமிட்ட இத்தொடரில் ஆறு தொகுதிகள் உள்ளன. மைக்கேல் கியூப்-மக்டவல் எழுதிய 'ஒடிஸி', மைக் மக்வே எழுதிய 'சஸ்பிஷன்', வில்லியம் எஃப். வூ எழுதிய 'சைபார்க்' ஆகிய மூன்றும் 1987இல் வெளிவந்தன. ஆர்தர் பைரன் கவரின் 'பிராடிஜி', ராப் சில்சனின் 'ரெஃப்யூஜ்', மீண்டும் வூவின் 'பெரிஹீலியன்' ஆகியவை 1988இல் வந்தன. இவற்றின் தொடர்ச்சியாக 'ரோபோக்களும் அயற்கோளினரும்' என்னும் தலைப்பில் மேலும் ஆறு தொகுதிகள் 1989, 1990ஆம் ஆண்டுகளில் வெளியாயின. அவற்றை எழுதியோருள் ஒருவரான புரூஸ் பெத்கி, 'சைபர்பங்க்' என்னும் சொல்லை 1983இல் வெளிவந்த தம் சிறுகதையின் தலைப்பாக உலகுக்குத் தந்தவர் என்பது சொல்லாக்கத்தில் ஈடுபாடுடையோர் அறிந்து மகிழத்தக்க செய்தி. அசிமோவ் தாம் படைத்த உலகையும் ரோபோவியலின் மூன்று விதிகளையும் இவ்வெழுத்தாளர்களுக்குக் கடன் தந்தார், தொகுதிகளுக்கு முன்னுரைக் கட்டுரைகள் எழுதினார், கதைகளை எழுதவில்லை.

ஒரு மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவரிடம் ஒரு தொடரைக் கூறி 'இவ்வாறு சொல்வீர்களா?' எனக் கேட்கும் மொழியியலாளர், அவர் தரும் விடையை இரு கூறாகப் பிரித்துக் கொள்கிறார். 'அப்படிச் சொல்ல மாட்டோம்' என்பது தீர்ப்பு. 'பள்ளியில் அது பிழை என்று சொல்லித் தந்தார்கள்' என்பது காரணம். தீர்ப்பு சான்றாகும். காரணம் சான்றாகாது, அது பேசுபவர் தம் மொழியைப் பற்றிக் கொண்டுள்ள கொள்கை. பலர் கூடி எழுதிய தொடரைப் பற்றிய வாசகர் கருத்துகளையும் இவ்வாறே அணுக வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. அவ்வாறு அணுகினால் இத்தகைய தொடரின் ஒருமை எங்கே தங்கியுள்ளது என்பது புலப்படும். அது நடையிலோ பாத்திரங்களிலோ இல்லை. மிகச் சில சொற்களின் பிறழாத ஆட்சியில் உள்ளது. மொழிபெயர்ப்பாளர் எதனை இறுகப் பற்ற வேண்டும், எதனை நெகிழ விடலாம் என்னும் வினாவுக்கும் விடை இதிலிருந்தே கிடைக்கும்.

இத்தொடரைப் பற்றி வழக்கமாகக் கூறப்படும் குறைகள் நான்கு. இவை அசிமோவின் எழுத்தைப் போல் இல்லை என்பது ஒன்று. ஒரு தொகுதியில் கண்ட பாத்திரம் அடுத்ததில் வேறு ஆளாகிவிடுகிறது என்பது மற்றொன்று. இவை இளையோருக்கானவை என்பது பிறிதொன்று. இந்த ரோபோ அப்படிச் செய்யாது என்பது நான்காவது. இவற்றுள் மூன்றாவதை விரைந்து கடந்துவிடலாம். அது நூலின் தரத்தைப் பற்றிய கருத்தன்று. கடையில் எந்த அடுக்கில் வைக்க வேண்டும் என்பதைப் பற்றிய கருத்து. இளையோர் நூல் என்பதைக் குறையாகக் கூறும் பழக்கம் நம்மிடையேயும் உண்டு. அதற்கு இங்கே மறுமொழி தேவையில்லை.

முதற் குறை சற்று விரிந்த கவனத்துக்குரியது. அசிமோவின் நடை எதுவெனக் கேட்டால் அதனை விரும்பும் வாசகரே தடுமாறுவார். அணியற்ற வாக்கியம், வருணனையில் நாட்டமின்மை, உரையாடலிலேயே கதையை நகர்த்துதல், ஒரு புதிரை முன்வைத்து அதனைத் தருக்கத்தால் அவிழ்த்தல் என அதன் இயல்புகளைக் கூறலாம். இவை பெரும்பாலும் எதிர்மறை இயல்புகள். அவர் எவற்றைச் செய்வதில்லை என்பதைக் கூறுபவை. எதிர்மறை இயல்புகளாலான நடையைப் போலி செய்வது எளிது போலத் தோன்றினும் உண்மையில் அரிது. கவர் போன்ற ஓர் எழுத்தாளர் தம் இயல்பான நகைத்திறனைக் கைவிட்டு எழுதினால்தான் அது கைகூடும். அவர் கைவிடவில்லை. 'பிராடிஜி'யில் ரோபோக்கள் கலையைப் பயில முற்படுகின்றன. லூசியஸ் என்னும் ரோபோ ஒரு கலைப் படைப்பை ஆக்குகிறது, பின்னர் அழிக்கப்படுகிறது. அதனை அழித்தது யார் என்பதை வெளிக்கொணர ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தை ரோபோக்களைக் கொண்டே அரங்கேற்றுகின்றனர். ரோபோ ஹாம்லெட் நடிப்பதா என எரிச்சலுறும் வாசகர் உளர். ஆறு தொகுதிகளிலும் இதுவே நினைவில் நிற்கிறது என்போரும் உளர். என் வாக்கு பின்னவர்களுக்கே.

நடை பற்றிய தீர்ப்புகள் இவ்வாறு வாசகர்க்கு வாசகர் மாறுகின்றன. மொழியியலில் இத்தகைய தீர்ப்பைக் கொண்டு இலக்கணம் எழுதுவதில்லை. கிளைமொழி வேறுபாடு எனக் குறித்துவிட்டு மேலே செல்வோம்.

பாத்திரங்களின் பிறழ்ச்சி பற்றிய இரண்டாம் குறையில் ஒரு வேடிக்கை உண்டு. தொடரின் நாயகன் தன் பெயரும் கடந்த காலமும் அறியாத நிலையில் கண்விழிக்கும் ஓர் இளைஞன். டெரெக் என்னும் பெயரைத் தான் அணிந்திருந்த உடையிற் கண்ட சொல்லிலிருந்தே எடுத்துக்கொள்கிறான். அவனுடன் வரும் பெண் முதலில் கேத்தரின் என அறிமுகமாகிப் பின்னர் ஏரியல் எனப்படுகிறாள். உதிரிப் பாகங்களைக் கொண்டு டெரெக் ஒருங்கிணைத்த ஆல்ஃபா என்னும் ரோபோ பிறகு மாண்டல்பிராட் எனப் பெயர் மாறுகிறது. ஐவர் எழுதும் தொடருக்கு நினைவிழந்த நாயகனைக் காட்டிலும் பொருத்தமானவன் இல்லை. முன்னவர் எழுதியதை அவன் மறந்திருப்பதற்குக் காரணம் கதைக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. ஆயினும் நாயகன் மறந்ததை வாசகர் மறப்பதில்லை. ஒரு தொகுதியில் சினமும் எள்ளலும் மிக்கவளாகப் பேசிய பெண் அடுத்ததில் கனிந்து பேசினால், அவளுடைய நோயைக் காரணம் காட்டி ஏற்பவரும் உண்டு. ஆசிரியர் மாறிய தழும்பு எனச் சுட்டுபவரும் உண்டு. இங்கும் தீர்ப்பு ஒருமுகமாக இல்லை.

நான்காவதற்கு வருவோம். 'இந்த ரோபோ அப்படிச் செய்யாது' என்னும் கூற்று ஏனைய மூன்றினும் வேறுபட்டது. இதைக் கூறும் வாசகர் சுவையைப் பற்றிப் பேசவில்லை. இலக்கணத்தைப் பற்றிப் பேசுகிறார். அசிமோவின் மூன்று விதிகளை அறியாதார் சிலரே. முதலாவது மனிதரைக் காப்பது. அது இருகூறுடையது: ரோபோ தானே ஊறு விளைப்பதைத் தடுப்பது ஒரு கூறு, வாளாவிருந்து மனிதருக்குத் தீங்கு நேரவிடுவதைத் தடுப்பது மற்றொரு கூறு. இரண்டாவது கீழ்ப்படிதல். மூன்றாவது தற்காப்பு. பின்னது முன்னதற்கு அடங்கியது. நூற்பாவைப் போலச் சுருங்கிய இம்மூன்று தொடர்களும் வெளிப்படையான வடிவில் 1942ஆம் ஆண்டு வெளிவந்த 'ரன்அரவுண்ட்' என்னும் சிறுகதையில் முதன்முதல் இடம்பெற்றன. அதன் பின்னர் அசிமோவின் ரோபோக் கதைகளிற் பல இந்நூற்பாக்களுக்கு எழுதப்பட்ட உரைகளே. ஒரு சொல்லுக்கு இதுவரை கொள்ளாத பொருளைக் கொண்டால் என்ன நேரும்? இரு விதிகள் ஒன்றோடொன்று முரணும் இடத்தில் எது விஞ்சும்? விதியின் ஒரு கூறு நீங்கினால் என்னாகும்? உரையாசிரியர்கள் கேட்கும் வினாக்களே இவை.

இவ்விதிகளை வகுத்தவர் யார் என்பதே தெளிவற்ற செய்தி. அசிமோவ் அவற்றை இதழாசிரியர் ஜான் காம்பெல் 1940ஆம் ஆண்டு இறுதியில் தம்மிடம் எடுத்துரைத்ததாகக் கூறினார். காம்பெலோ, அசிமோவின் கதைகளில் ஏற்கெனவே உள்ளுறைந்திருந்ததையே தாம் எடுத்துக் கூறியதாகச் சொன்னார். கதைசொல்லி பேச்சாளராகவும் இதழாசிரியர் அவர் பேச்சிலிருந்து விதி வடித்த இலக்கணியாகவும் இருந்திருக்கின்றனர். மூலமே இருவர் கைப்பட்டது என்றால், பின்வந்த தொடர்களைப் பலர் கைப்பட்டவை என்று கூறிக் குறைகாண்பது வலுவிழந்த வாதமாகிறது. 1940இல் வெளிவந்த 'ராபி' கதை விதிகளுக்கு முந்தியது; 1950இல் 'ஐ, ரோபோ' தொகுப்பில் சேர்க்கப்பட்டபோது அது விதிகளுக்கு இசையத் திருத்தப்பட்டது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்பிய பின்னர் இலக்கியத்தையே திருத்திய கதை இது.

ரோபோ நகரத் தொடர் இவ்விதிகளைக் கையாளும் இடங்களில் வாசகர் தீர்ப்புகள் வியப்பூட்டும் அளவு ஒத்துச் செல்கின்றன. 'சஸ்பிஷன்' நூலில் ரோபோக்கள் மட்டுமே வாழும் நகரில் ஒரு மனிதன் இறந்து கிடக்கிறான். ரோபோ மனிதரைக் கொல்லாது. ஆதலின் அங்குள்ள மனிதர் இருவரும் ஐயத்துக்கு ஆளாகின்றனர். விதி இங்கே கதையின் முதற்கோளாக நின்று முடிபைத் தருகிறது. 'சைபார்க்' நூலில் ஒரு மனிதனின் மூளை ரோபோ உடலில் பொருத்தப்படுகிறது. அவ்வுயிரை விதி மனிதராகக் கொள்ளுமா? வேறு வகையில் இத்தொடரைக் குறைகூறும் வாசகரும் இவ்விடங்களை ஏற்கின்றனர். ஒரு ரோபோ காரணமின்றி ஆணையை மீறும்போது அல்லது மனிதர் இடருறுவதைக் கண்டும் விளக்கமின்றி நிற்கும்போது, தொடரை விரும்பும் வாசகரும் முகம் சுளிக்கின்றனர். விதிமீறல் கண்டுதான் இந்த மனக்குறை என எண்ணுதல் பிழை. விளக்கப்பட்ட மீறலை அவர்கள் விரும்பவே செய்கின்றனர்.

இதற்குச் சான்று ரோஜர் மக்பிரைடு ஆலன் எழுதிய 'கலிபன்' நூல்வரிசை. அசிமோவ் 1992இல் மறைந்த பின்னர் 1993, 1994, 1996ஆம் ஆண்டுகளில் மூன்று நாவல்களாக வெளிவந்தது அது. ஆலன் விதிகளையே மாற்றினார். கலிபன் என்னும் ரோபோவுக்கு விதிகளே இல்லை. அந்நூல்களில் வரும் வேறுவகை ரோபோக்களுக்குப் 'புதிய விதிகள்' உண்டு. அவற்றின் முதல் விதியில் வாளாவிருத்தல் பற்றிய கூறு இல்லை. கீழ்ப்படிதலின் இடத்தை ஒத்துழைப்பு பெறுகிறது. தன் விருப்பப்படி செயற்பட இடந்தரும் நான்காம் விதியொன்றும் சேர்கிறது. அசிமோவின் அடித்தளத்தையே பெயர்த்த இந்நூல்களை அசிமோவின் அன்பர்கள் பலரும் பின்வந்தோர் எழுதியவற்றுள் மேம்பட்டவையாகக் கருதுகின்றனர். காரணம் கேட்டால் நன்றாக எழுதப்பட்டுள்ளன என்பர். அக்காரணத்தை ஒதுக்கிவிட்டுத் தீர்ப்பை மட்டும் நோக்குக. ஆலன் நூற்பாவைத் திருத்தி வகுத்து, திருத்திய நூற்பாவுக்கு உரை எழுதினார். வாளாவிருத்தற் கூறு நீங்கிய ரோபோவை அசிமோவே 1947இல் 'லிட்டில் லாஸ்ட் ரோபோ' கதையில் படைத்திருந்தார் என்பதால் அத்திருத்தத்துக்கு மரபும் துணைநின்றது. 1997இல் வெளிவந்த கிரெகரி பென்ஃபோர்டின் 'பவுண்டேஷன்ஸ் ஃபியர்' நாவல் இதற்கு மறுதலை. வால்டேரும் ஜோன் ஆஃப் ஆர்க்கும் கணினிவழி உயிர்பெற்று நெடிது வாதிடும் பகுதிகள் வாசகரை அயரச் செய்தன. அவை தம்மளவில் சுவையற்றவை அல்ல. மரபுவழி வந்த எந்த நூற்பாவுக்கும் அவை உரையாக அமையவில்லை, குறை அதுவே.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதிலிருந்து கிடைப்பது யாது? இத்தொடரைத் தமிழாக்க முற்படும் ஒருவர் இயல்பாகச் செய்யக்கூடியது ஐவரின் நடைகளையும் தம் ஒரே நடையாக நிரவிவிடுதல். வாசகர் குறைகூறிய வேறுபாட்டைத் தாம் களைந்துவிட்டதாக அவர் மகிழவும் கூடும். அதே வேளையில் விதிகளின் சொற்களை 'ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே' என்னும் அச்சத்தால் இடத்துக்கு இடம் மாற்றுவார். தமிழ் உரைநடையில் சொல் வேறுபாட்டை அழகெனக் கருதும் பழக்கம் அவரை அவ்வாறு தூண்டும். இரண்டும் நேர்மாறாக நிகழ வேண்டும். நடைகள் வேறுபட்டே நிற்கட்டும். விதியின் சொற்கள் ஆறு தொகுதிகளிலும் ஓர் எழுத்தும் பிறழாமல் வரட்டும்.

முதற்கண் 'விதி' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலச் சொல் அரசு இயற்றும் சட்டத்துக்கும் இயற்கையின் ஒழுங்குக்கும் பொதுவானது. அசிமோவின் மூன்று தொடர்களும் வடிவத்தால் சட்டம். ரோபோவின் மூளையிலேயே பதிந்திருப்பதால் செயலால் இயற்கையொழுங்கு. 'சட்டம்' எனப் பெயர்த்தால் மீறுதலும் தண்டனையும் மனத்தில் எழும். 'விதி' எனின் இலக்கண விதி, இயற்கை விதி ஆகியவற்றோடு ஊழ் என்னும் பொருளும் உடன்வரும். ரோபோவுக்கு அவ்விதி உண்மையிலேயே ஊழ்தான். ஆதலின் அக்கூடுதற் பொருளை இழப்பாகக் கருத வேண்டியதில்லை. இத்தொடரில் ரோபோக்கள் மனிதரின் நடத்தையை நோக்கி 'மனிதவியல் விதிகள்' சிலவற்றை வகுக்க முயல்கின்றன. அங்குச் 'சட்டம்' என்னும் சொல் முற்றிலும் பொருந்தாது. அவை மனிதர் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதைக் கூறுவன அல்ல. எவ்வாறு நடக்கின்றனர் என்பதை விவரிக்க முயல்வன. விதிப்பிலக்கணத்தால் ஆளப்படும் உயிரற்றவை தம்மை ஆள்வோருக்கு விளக்க இலக்கணம் எழுத முயல்கின்றன. அதற்கு அவற்றுக்குக் கிடைத்த தகவலாளர் பெரும்பாலும் இருவரே. அவ்விருவருள் ஒருவருக்கு நினைவில்லை, மற்றவர்க்கு நோய். களப்பணி செய்த மொழியியலாளர் எவரும் இப்பகுதிகளைச் சிரிக்காமற் படித்தல் இயலாது.

அடுத்தது முதல் விதியின் இரு சொற்கள். ஆங்கிலத்தில் இரு கூறுகளிலும் இருவேறு சொற்கள் ஆளப்பட்டுள்ளன. தமிழில் 'தீங்கு' என்னும் ஒன்றே இரண்டுக்கும் போதும் எனத் தோன்றும். சிலர் முதலதற்குக் 'காயப்படுத்துதல்' என எழுதக்கூடும். இது பெருந்தவறாகும். 1941இல் வெளிவந்த 'லையர்!' கதையில் மனத்தை அறியும் ஆற்றல் பெற்ற ஹெர்பி என்னும் ரோபோ, உண்மை கூறின் கேட்பவர் மனம் நோகும் என்று கருதிப் பொய் கூறத் தொடங்குகிறது. மன நோவும் விதியின் எல்லைக்குள் அடங்குவதாக அது கொள்வதே கதையின் உயிர். காயம் என்பது உடலுக்குரியதாய்ச் சுருங்கிவிடும். 'ஊறு', 'தீங்கு' என்னும் இணை தக்கது. இரண்டும் உடலோடு உள்ளத்துக்கும் செல்லும். ஒன்று செயலால் விளைப்பது, மற்றொன்று நேர்வது என்னும் வேறுபாட்டையும் தாங்கும்.

வினைமுற்றில் சிக்கல் மேலும் ஆழமானது. விதியின் ஆங்கில வடிவம் தடை கூறுவது. 'கூடாது' என்பதற்கு நிகர். வாசகரோ 'ரோபோ அப்படிச் செய்யக் கூடாது' எனக் குறைகூறுவதில்லை. 'அப்படிச் செய்யாது' என்றே கூறுகின்றனர். கடமை குறித்த வினையை அவர்கள் இயல்பு குறித்த வினையாக மாற்றிக்கொள்கின்றனர். விதியின் உண்மைத் தன்மையை அவர்கள் சரியாகவே உணர்ந்துள்ளனர். இன்றைய தமிழக வழக்கில் 'செய்ய மாட்டான்' என உயர்திணைக்கும், 'செய்யாது' என அஃறிணை ஒருமைக்கும் எதிர்மறை வேறுபட்டு நிற்கிறது. 'மாட்டான்' என்பதில் மறுக்கும் விருப்பம் தொனிக்கும். 'செய்யாது' என்பதில் விருப்பத்துக்கு இடமில்லை; மழை பெய்யாது என்பது போன்றது அது. ஆங்கிலம் ஒரு சுட்டுப்பெயரோடு தீர்த்துக்கொள்ளும் சிக்கலைத் தமிழ் ஒவ்வொரு முற்றுவினையிலும் எதிர்கொள்கிறது.

ரோபோவின் திணை யாது? 'எந்திரன்' என்னும் சொல் 2010இல் வெளிவந்த திரைப்படத்தால் பரவியது. அன் ஈறு பெற்ற அச்சொல் வினாவுக்கு விடை கூறாமலே ரோபோவை உயர்திணை ஆண்பாலாக்கிவிடுகிறது. 'ரோபோ' என்னும் கடன்சொல் திணையை வெளிப்படையாகக் காட்டாது. ஆதலின் இத்தொடருக்கு அதுவே ஏற்றது. கட்டாய ஊழியம் என்னும் பொருளுடைய செக் மொழிச் சொல்லிலிருந்து ஆக்கப்பட்டு, கரேல் சாபெக்கின் நாடகத்தால் 1920 முதல் உலகெங்கும் சென்ற சொல் அது. தொல்காப்பியர் உயர்திணையை மக்கள் என்னும் சுட்டின்மேல் நிறுத்தினார். பொருளின் இயல்பைக் காட்டிலும் அது சுட்டப்படும் முறைக்கு இடந்தந்த கோட்பாடு அது. நன்னூலார் தேவரையும் நரகரையும் பெயர் கூறிச் சேர்த்தார். ரோபோவைச் சேர்க்க இருவர்க்கும் வாய்ப்பில்லை. ஆயினும் உவப்பு, உயர்வு, சினம், இழிப்பு முதலிய காரணங்களால் திணை மயங்குவதை வழுவமைதியாக ஏற்றனர். கதை கூறுமிடத்தில் 'அது' என்றே வழங்கி, டெரெக் போன்ற பாத்திரம் மாண்டல்பிராட்டைப் பற்றி உவப்போடு பேசுமிடத்தில் 'அவன்' எனக் கூறவிடலாம். ஆங்கிலத்தில் அவ்வளவு வெளிப்படையாகத் தோன்றாத ஒரு நெருக்கத்தை இவ்வழுவமைதி தமிழிற் காட்டும். அசிமோவின் மூலநாவல்களில் வரும் டானியல் ஆலிவா தோற்றத்தால் மனிதரை ஒத்தவன். ஆங்கிலத்திலும் ஆண்பாற் சுட்டே பெறுபவன். அவனுக்கு இவ்விலக்கு வேண்டும்.

ரோபோ தன்னைப் பற்றிப் பேசும்போது நிகழ்வது இன்னும் நுட்பமானது. தொல்காப்பியர் தன்மை வினைகளை உயர்திணை வினைகளோடு வைத்தார். நன்னூலார் தன்மையை இருதிணைக்கும் பொதுவாக்கினார். 'நான் செய்ய மாட்டேன்' என ஒரு ரோபோ கூறும்போது, முன்னவர் நெறிப்படி அது உயர்திணைக்குள் நுழைந்துவிட்டது. பின்னவர் நெறிப்படி வாயிலில் நிற்கிறது. கதை கூறுபவர் 'அது செய்யாது' என்றும், அதே ரோபோ 'நான் செய்ய மாட்டேன்' என்றும் கூறும் ஒரு தமிழ்ப் பக்கத்தில், மூலத்தில் பல பக்கங்கள் விவாதிக்கப்படும் வினா இரு வினைமுற்றுகளில் அடங்கிவிடுகிறது.

மனிதர் எனப்படுவோர் யார் என்பதை மொழியால் தீர்த்த ஓர் இடம் அசிமோவிடமே உண்டு. 1985இல் வெளிவந்த 'ரோபோட்ஸ் அண்ட் எம்பயர்' நாவலில் சொலேரியா கோளின் ரோபோக்கள் அக்கோளின் ஒலிப்புமுறையோடு பேசுபவரை மட்டுமே மனிதராகக் கொள்ளுமாறு அமைக்கப்பட்டுள்ளன. வேறு ஒலிப்புமுறையினரைக் கொல்வதற்கு அவற்றுக்குத் தடையில்லை. விதியில் ஓரெழுத்தும் மாறவில்லை. 'மனிதர்' என்னும் சொல்லின் உரை மட்டுமே மாறியது. கிளைமொழியைக் கொண்டு மனிதரை வகைப்படுத்தும் பழக்கத்தின் கொடுமையை இதனினும் கூர்மையாகக் காட்டிய அறிவியல் புனைகதைப் பகுதியை நான் படித்ததில்லை.

இந்நினைவோடு ரோபோ நகரத் தொடரின் வோல்ரஃப் என்னும் பாத்திரத்தை அணுக வேண்டும். நாயை ஒத்த முகமுடைய அயற்கோள் உயிர் அது, பெண். அவளுடைய ஆங்கிலம் ஒலிகள் குறைந்தும் எழுத்துகள் விடுபட்டும் அச்சிடப்பட்டுள்ளது. சில வாசகர்க்கு இது சலிப்பைத் தருகிறது. ஏனையோர்க்கு அவளே தொடரின் உயிர். தமிழாக்குவோர்க்கு உடனே தோன்றும் குறுக்குவழி, அவளுக்கு ஏதேனும் ஒரு வட்டாரத்தின் அல்லது சாதியின் பேச்சு வழக்கைத் தந்துவிடுதல். நம் மொழிபெயர்ப்புகளில் வேலையாள், கடலோடி, அடிமை ஆகியோர் பேச்செல்லாம் இவ்வாறே ஏதேனும் ஒரு மக்கள் பிரிவின் தலையில் ஏற்றப்பட்டு வந்துள்ளது. வோல்ரஃபின் பேச்சு சமூகக் கிளைமொழியன்று. அவள் வாயமைப்பின் விளைவு. அதற்கு நிகரை ஒலியனியலில் தேட வேண்டும். இதழ் குவியாமலும் ஒட்டாமலும் பாடும் நிரோட்டகத்தைத் தமிழ்ப் புலவர்கள் நெடுங்காலமாகப் பயின்றுள்ளனர். சிவப்பிரகாச சுவாமிகளின் 'திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி' அதற்குச் சிறந்த சான்று. முழு நிரோட்டகம் தேவையில்லை. பகரமும் மகரமும் சொல்முதலில் வரும் இடங்களில் மட்டும் அவற்றை நீக்கியோ அருகிலுள்ள ஒலியால் நிரப்பியோ எழுதலாம். தொடர் முழுவதும் ஒரே ஒலிவிதியைக் கடைப்பிடித்தல் வேண்டும். 'போகலாம்' என்பது 'ஓகலாம்' என ஒரு தொகுதியிலும், 'கோகலாம்' என இன்னொன்றிலும் வந்தால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

வோல்ரஃப் மனிதரல்லள், அவளை முதல் விதி காக்குமா என்பதில் ரோபோக்களே தெளிவின்றித் தயங்குகின்றன. கதை கூறுபவர் அவளை 'அவள்' எனச் சுட்டும் பக்கத்திலேயே ரோபோ அவளை 'அது' எனச் சுட்ட இடமுண்டு. ரோபோவின் தயக்கம் தீரும் தொகுதியில், தீரும் வாக்கியத்தில், அதன் வினைமுற்று 'வந்தது' என்பதிலிருந்து 'வந்தாள்' என்பதற்கு மாற வேண்டும். அதற்கு முன்னர் ஓரிடத்திலும் மாறலாகாது.